இருவர் தேவை

சகாய பெனிட்டா என்பது அவளுடைய முழுப்பெயர். ஞானஸ்நானப் பதிவேட்டிலும் மருத்துவமனையின் பணியாளர் பட்டியலிலும் அவ்வாறே எழுதப்பட்டிருந்தது. நோயாளிகளுக்கு அவள் வெறும் சிஸ்டர். வயது நாற்பத்தாறு, திருமணம் ஆகவில்லை. பெற்றோர் காலமான பின்னர், தூத்துக்குடியில் பனிமயமாதா கோயிலுக்குப் பின்புறத் தெருவில் ஓர் ஒற்றை அறை வீட்டில் தனியே வசித்தாள். மழையில்லாத நாளிலும் குடை எடுத்துச் செல்வாள். மருத்துவமனையில் தன் மூன்றாம் மாடிக்கு மின்தூக்கியில் ஏறாமல் படிவழியே ஏறுவாள். எந்தப் பொருளைத் தூக்குவதாயினும், தூக்குமுன் வாய்க்குள் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று எண்ணிக்கொள்வாள். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றுமுன் எண்ணுவாள். சமையல் வாயு உருளையை நகர்த்துமுன் எண்ணுவாள். சிற்சில சமயம், தேநீர்த் தம்ளரை எடுக்கும்போதுகூட எண்ணிவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது பழைய செவிலியர் எவருக்கும் தெரியும். எழ மாட்டாத நோயாளியைப் புரட்டுவதற்கு இருவர் கட்டிலின் இருபுறமும் நின்று, விரிப்பின் ஓரங்களை உள்ளங்கைக்குள் சுருட்டிப் பிடித்து, மூன்று என்றவுடன் ஒருசேரத் தூக்குவார்கள். எண்ணாமல் தூக்கினால் ஒருத்திக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். அதெல்லாம் அந்தக் காலம். இப்பொழுது பெனிட்டாவுடன் சேர்ந்து தூக்க ஒருவரும் இல்லை. எண்ணிக்கை மட்டும் அவளைவிட்டுப் போகவில்லை.

அவள் நெய்தல் மருத்துவமனையில் சேர்ந்த நாளில் மாடிக்கு ஆறு செவிலியர் இருந்தனர். பிறகு இயந்திரங்கள் ஒவ்வொன்றாக வந்தன. எதையும் வேண்டாமென்று சொல்லக் காரணம் இருக்கவில்லை. இரண்டு மணிக்கு ஒருமுறை நோயாளியைத் தானே மெல்லப் புரட்டும் கட்டில் வந்தது. படுக்கைப்புண் என்பதே இல்லாமற்போயிற்று. மருந்தை அளந்து கொண்டுவரும் சக்கர வண்டி வந்தது. மருந்து மாறிப்போகும் தவறு அறவே நின்றது. நாடியும் மூச்சும் சுவர்த்திரையில் தாமே எழுதிக்கொண்டன. ஆறு பேர் நால்வராகி, நால்வர் இருவராகி, இறுதியில் இருபது கட்டில்களுக்கு ஒரே செவிலி என்று ஆயிற்று. பணி மாறும்போது அடுத்து வருபவளிடம் படுக்கை படுக்கையாகச் சொல்லிக் கொடுக்கும் வழக்கமும் போயிற்று. திரையே எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஒரு மாடியும் ஆளின்றி இருக்கலாகாது என்பதற்காக உணவு நேரத்தையும் மாடிக்கு ஒன்றாகப் பிரித்திருந்தார்கள். ஆகவே அவள் தனியே உண்டாள். எட்டு மணி நேரப் பணியில் இன்னொரு செவிலியின் முகத்தைப் பாராமலே வீடு திரும்பும் நாள்களே மிகுதி.

நோயாளி ஒவ்வொருவருக்கும் திரையில் ஒரு பராமரிப்புத் தாள் உண்டு. அதன் ஓரத்தில் ‘ஆள் தேவை’ என்று ஒரு கட்டம். இயந்திரம் அதில் பெரும்பாலும் சுழியம் என்று நிரப்பும். எப்போதேனும் ஒன்று என்று நிரப்பும். செவிலி அதைக் கையால் மாற்றலாம். ஆனால் காரணம் எழுதிக் கையொப்பமிட வேண்டும். முதல் மாடியில் ஒருத்தி தக்க காரணமின்றி மும்முறை மாற்றினாள் என்று அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன்பின் அந்தக் கட்டத்தை எவரும் தொடுவதில்லை.

இரண்டு என்ற எண் ஒரே ஒரு தாளில்தான் வரும். நோயாளி இறந்தபின் உடலைத் துடைத்து, கட்டி, வெள்ளைத் துணி போர்த்தி உறவினரிடம் ஒப்படைக்கும் பணிக்கு இரு செவிலியர் உடனிருக்க வேண்டும் என்பது மிகப் பழைய விதி. மற்ற விதிகளையெல்லாம் திருத்தியவர்கள் இதைத் திருத்த மறந்துபோனார்கள். கட்டத்தில் இரண்டு என்று வந்தவுடன் திரை அடுத்த மாடிச் செவிலியை அழைக்கும்; ஆதலால் மூன்றாம் மாடியில் ஒருவர் இறந்தால் நான்காம் மாடிச் செவிலி இசக்கிதேவி இறங்கி வருவாள். நான்காம் மாடியில் இறந்தால் பெனிட்டா ஏறிப் போவாள். அந்த அரை மணி நேரம் மட்டும் மற்ற மாடியைத் திரையே பார்த்துக்கொள்ளும்.

இனி, கதைக்கு மூலமான கைப்பட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

செவிலியர் பலர் ஒருவர்பின் ஒருவராக வேலையைவிட்டு நின்றபோது நிர்வாகம் உண்மையாகவே கவலைப்பட்டது. பணியாளர் எதனால் மகிழ்கிறார்கள் என்று கண்டறிந்து, அதையே அவர்களுக்குக் கூடுதலாகக் கொடுப்பது என்று முடிவு செய்தது. அதற்காக ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு கைப்பட்டை கட்டப்பட்டது. நாடி, தோலின் ஈரம், குரலின் நடுக்கம் ஆகியவற்றைக்கொண்டு அது உள்ளத்தின் நிறைவை அளக்கும். இதைச் சூழ்ச்சி என்று சொல்வதற்கில்லை. குழந்தைகளின் அருகில் இருக்கையில் ஒருத்தியின் அளவு ஏறிற்று. அவளைப் பிரசவப் பிரிவுக்கு மாற்றினார்கள். அவள் பாடிக்கொண்டே வேலை செய்தாள். தையல் பிரிக்கும்போது மகிழ்ந்த ஆண் செவிலியர் ஒருவருக்கு அறுவைப் பிரிவு கிடைத்தது. பெனிட்டாவின் கைப்பட்டை மட்டும் மாதக்கணக்கில் எதையும் சொல்லவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் பணியாளர் நல அலுவலர் வித்யா அவளை அழைத்தாள். சென்னையிலிருந்து வந்தவள், முப்பது வயதுகூட ஆகாதவள், எவரையும் நிற்க வைத்துப் பேசாத நல்ல பெண்.

“உட்காருங்க சிஸ்டர். தப்பா ஒண்ணும் இல்ல, நல்ல சேதிதான். உங்க அளவுக் கோடு இத்தனை நாளா படுத்தே கெடக்குற மாதிரி இருந்துச்சு. இப்ப பத்து மாசக் கணக்கைச் சேத்துப் பாத்தா, பதினொரு இடத்துல ஏறியிருக்கு. மத்தவங்களுக்கு ஏறுறத விட ரெண்டு மடங்கு.”

எப்போதெல்லாம் ஏறியது என்று பெனிட்டா கேட்டாள். வித்யா மேசைமேலிருந்த நீர்க்குப்பியை இங்கிருந்து அங்கு நகர்த்தி வைத்தாள்.

“ஒவ்வொரு தடவையும், ஒரு நோயாளி இறந்து ஒரு மணி நேரத்துக்குள்ள.”

இயந்திரம் அழுகையைச் சிரிப்பென்று எண்ணியிருக்கும் என்றாள் பெனிட்டா. வித்யா மெல்லத் தலையசைத்து மறுத்தாள். லட்சக்கணக்கான மனிதரைப் பார்த்துப் பழகிய கருவி அது. துக்கத்துக்கும் நிறைவுக்கும் உள்ள வேறுபாடு அதற்கு நன்றாகத் தெரியும் என்று விளக்கினாள். அளவு ஏறும்போது கைப்பட்டையில் பொட்டளவு பச்சை வெளிச்சம் வரும் என்றும், வேலை மும்முரத்தில் சிஸ்டர் அதைக் கவனித்திருக்கமாட்டார்கள் என்றும் சொன்னாள்.

“இதுல வெக்கப்பட என்ன இருக்கு? கடைசி நேரத்துல ஒருத்தர் கூட இருந்து அனுப்பி வைக்கிறது சில பேருக்கு மட்டுந்தான் வரும். அது ஒரு கொடை. அதனாலதான் உங்கள அஞ்சாவது மாடிக்குக் கேட்டிருக்கோம்.”

ஐந்தாம் மாடி அமைதிப் பிரிவு. இனிப் பிழைக்கமாட்டார் என்று முடிவானவர்களை அங்கே வைத்திருந்தார்கள். அங்கே கிழக்குப் பக்கத்துக்கு ஒரு பொறுப்புச் செவிலியும் மேற்குப் பக்கத்துக்கு ஒருத்தியும் நியமிக்கப்படவிருந்தனர். இடையில் ஒரு சுவர்.

“இந்தக் கட்டடத்துல உங்கள மாதிரியே இன்னொருத்தர் இருக்காங்க, சிஸ்டர். பேர் சொல்லக் கூடாது. அவங்க ஒத்துக்கிட்டாங்க. நீங்களும் வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிட்டா நல்லா இருக்கும்.”

வித்யா ஒப்புதல் தாளையும், பெனிட்டா கேட்டுக்கொண்டதன்பேரில் அந்தப் பதினொரு நாள்களின் பட்டியலையும் கொடுத்தாள். வெளியே வரும்போது பெனிட்டா கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தன்னையறியாமல் மூன்று எண்ணினாள்.

அன்று பிற்பகல் அவள் தன் கைகளைப் பார்த்தபடியே இருந்தாள். இருபது ஆண்டுகளாக எத்தனையோ கண்களை மூடிய கைகள். அவற்றில் ஒருநாளும் மகிழ்ச்சியை அவள் உணர்ந்ததில்லை. ஆயினும், உணரவில்லை என்பது உறுதிதானா? தன் உள்ளத்தைத் தானே அறியாமல் இருப்பவர் உலகத்தில் இல்லையா? இந்தக் கேள்வியைக் கேட்பதற்குக்கூட அவளுக்கு ஒருவரும் இல்லை. மஸ்கட்டிலிருந்த தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவான். அவனிடம் இதை எப்படிச் சொல்வது? பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாம். ஆனால் செய்யாத பாவத்தை எந்தச் சொற்களில் சொல்வது என்பது அவளுக்கு விளங்கவில்லை.

ஏழாம் படுக்கையில் சுடலைமுத்து இருந்தார். உப்பளத்தில் நாற்பது ஆண்டு மேஸ்திரியாக இருந்தவர். பக்கவாதத்தால் வலப்பக்கம் விழுந்துபோய், நான்கு மாதமாக அங்கேயே கிடந்தார். நாக்கு மட்டும் விழவில்லை. தம்மைப் புரட்டும் கட்டிலுக்குச் சம்பந்தி என்று பெயர் வைத்திருந்தார்.

“பாத்தியளா சிஸ்டரு, சொல்லாம கொள்ளாம வந்து பெரட்டுதான். சம்பந்திதான அவன், ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தொட்டா என்னங்கேன்.”

“எந்தூரு சம்பந்தி அண்ணாச்சி சொல்லிட்டுச் செய்யுதாரு?” என்று பெனிட்டா கேட்பாள். நாள்தோறும் இந்த ஒரு பேச்சு. அதன்பின் அவர் உறங்கிவிடுவார்.

புதன்கிழமை சுடலைமுத்துவுக்குக் காய்ச்சல் கண்டது. நெஞ்சில் சளி கட்டியிருந்தது. திரை மஞ்சளாயிற்று, மருந்து மாற்றப்பட்டது. பிற்பகல் மூன்று மணிக்குப் பெனிட்டா அவருடைய கட்டிலருகில் நின்று மூச்சைக் கவனித்தாள். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையில் சற்று நீண்ட இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியில், நான் எதற்காகக் காத்திருக்கிறேன் என்ற எண்ணம் அவளுக்குள் எழுந்தது. மூச்சு வந்தது. அவள் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். பச்சை இல்லை, கைப்பட்டை ஒன்றும் சொல்லவில்லை. அது மேலும் அச்சத்தைத் தந்தது. கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு விலகி வந்து மேசையருகில் உட்கார்ந்தாள். பணி முடியும்வரை, திரை அழைத்தாலன்றி, அவள் எந்தப் படுக்கையையும் நெருங்கவில்லை. ஒரு செவிலி நோயாளியின் அருகில் செல்ல அஞ்சினால் அவளிடம் மிஞ்சுவது என்ன?

வீட்டுக்கு வந்தபின் பட்டியலை எடுத்தாள். அவளிடம் ஒரு சிறிய நாட்குறிப்பு இருந்தது. தன் பணி நேரத்தில் தன் மாடியில் இறப்பவர்களின் பெயர்களை, அவர்கள் எம்மதத்தவராயினும், அதில் எழுதி வைப்பாள். நவம்பரில் கல்லறைத் திருநாள் பூசைக்கு அப்பெயர்களைக் கொடுப்பது அவள் வழக்கம். பூசைக்குப் பெயர் கொடுப்போர் தத்தம் வீட்டாரைத்தான் எழுதுவார்கள். அவளுடைய தாளில் மட்டும் எல்லாச் சாதி, மதத்தார் பெயரும் இருக்கும். கோயில் பணிகளைக் கவனிக்கும் கோயிற்பிள்ளை அதைப் பார்த்து ஆண்டுதோறும் முகஞ்சுளிப்பார்.

நாட்குறிப்பையும் பட்டியலையும் அருகருகே வைத்து ஒப்பிட்டாள். ஏழு நாள்கள் பொருந்தின. நான்கு நாள்கள் நாட்குறிப்பில் இல்லை. யோசித்துப் பார்த்தபோது, அவை நான்காம் மாடியில் நடந்த இறப்புகள் என்பது நினைவுக்கு வந்தது. அவள் முன்பின் கண்டறியாத மனிதர்கள். துடைத்துக் கட்டும் வேலைக்கு மட்டும் ஏறிப் போயிருந்தாள். அன்றியும், நாட்குறிப்பில் இருந்த ஒரு பெயர் பட்டியலில் இல்லை. புறவழிச்சாலையில் அடிபட்டுக் கொண்டுவரப்பட்ட வாலிபன். அவள் கையைப் பிடித்துக்கொண்டே உயிரை விட்டவன். பத்து மாதத்தில் அவள் மிக அருகிலிருந்து கண்ட மரணம் அதுவே. இறப்பினால் அவள் உள்ளம் மகிழுமாயின், அன்றல்லவா கோடு ஏறியிருக்க வேண்டும்? அன்று என்ன நடந்தது? காவல்துறை வழக்கு என்பதால் உடலை ஒருவரும் தொடக்கூடாது என்று சொல்லி, அப்படியே பிணவறைக்கு எடுத்துச் சென்றுவிட்டார்கள். அவள் தனியே நின்று வெறுங்கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதற்குமேல் அவளுக்குப் புலப்படவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள்.

வியாழக்கிழமை நண்பகலில் பன்னிரண்டாம் படுக்கையில் சண்முகவடிவு என்ற எண்பது வயது அம்மையார் காலமானார். நெடுநாள் சிறுநீரக நோய், எதிர்பார்த்திருந்த முடிவே. மகள் கட்டிலின் காலடியில் சற்று நேரம் அழுதுவிட்டு, ஊருக்குச் சொல்வதற்காகக் கைப்பேசியுடன் வெளியே போனாள். பராமரிப்புத் தாள் மாறிற்று. கட்டத்தில் இரண்டு என்ற எண் வந்தது. பத்து நிமிடத்தில் படிக்கட்டில் செருப்போசை கேட்டது.

இசக்கிதேவி பெனிட்டாவைவிட மூன்று வயது மூத்தவள். பருத்த உடம்பு, ஓட்டப்பிடாரத்திலிருந்து வருபவள். பணி முடிந்த ஐந்தாம் நிமிடத்தில் அவளுடைய வேன் புறப்பட்டுவிடும் ஆதலால், வாயிலில் நின்று பேசவும் இயலாது. படுத்த படுக்கையாயிருக்கும் மாமியாரை வீட்டில் பார்க்க வேண்டியவள். வந்தவள் முதலில் அம்மையாரின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பின்னர்க் கையுறையை மாட்டினாள்.

“நல்ல சாவு. மொகத்தப் பாரு, இப்பத்தான் கண்ணசந்த மாதிரி இருக்கு. என்னட்டி பெனி, நீ ஏன் செத்தவ மாதிரி நிக்க?”

“ஒண்ணுமில்லக்கா.”

இருவரும் வேலையைத் தொடங்கினார்கள். குழாய்களை எடுத்தார்கள். கண்ணிமைகளை அழுத்தி மூடினார்கள். தாடையைத் துணிப்பட்டையால் கட்டினார்கள். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து ஒருத்தி கொடுக்க, மற்றவள் துடைத்தாள். இந்த வேலைக்குச் சொல் தேவைப்படுவதில்லை. எது அடுத்தது என்பது இருவர் கைகளுக்கும் தெரியும். வாய் சும்மா இருப்பதால், வழக்கம்போல் இசக்கி பேசிக்கொண்டே இருந்தாள். அவள் வீட்டுக்காரர் சந்தையில் ஒரு கிடாய்க்குட்டியைப் பிடித்து வந்து, வெட்டுவதற்கென்று வாங்கியதை இப்போது மடியில் வைத்துக் கொஞ்சுகிறாராம். பெயர் வைக்கச் சொல்லி இவளை நச்சரிக்கிறாராம்.

“என்ன பேரு வச்சிய?”

“எங்க மாமியா பேரத்தான் வச்சேன். நாளு பூரா அவளும் அதுவும் சேந்து கத்துது.”

பெனிட்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயை மேற்கையால் மூடிக்கொண்டாள். சண்முகவடிவு அம்மையாரின் நரைத்த கூந்தலை இசக்கி வகிடெடுத்துச் சீவி, மகள் பார்க்கும்போது அழகாக இருக்கட்டும் என்று இரு பக்கமும் ஒதுக்கினாள். அடியில் விரிப்பு மாற்றுவதற்காக இருவரும் எதிரெதிரே நின்றார்கள். ஓரங்களைச் சுருட்டிப் பிடித்தார்கள்.

“ஒண்ணு,” என்றாள் பெனிட்டா.

“ரெண்டு,” என்றாள் இசக்கி.

மூன்று என்பதை இருவரும் சேர்ந்து சொன்னார்கள். விரிப்பு எழுந்தது. உடலின் பாரம் சரிபாதியாகப் பிரிந்து, ஒரு பாதி தன் கைகளிலும் மறுபாதி எதிரே நிற்பவளின் கைகளிலும் தங்குவதைப் பெனிட்டா உணர்ந்தாள். அவ்வேளையில் கையுறையின் விளிம்புக்குமேல் தன் மணிக்கட்டில் பொட்டுப்போல் ஒரு பச்சை வெளிச்சம் எரிவதைக் கண்டாள். பார்வையைத் திருப்பிக்கொள்ள எண்ணி எதிரே பார்த்தாள். இசக்கியின் மணிக்கட்டிலும் அதே பச்சை எரிந்துகொண்டிருந்தது.

இசக்கி அதை மறைக்க முயன்றாள். ஆனால் இரு கைகளும் விரிப்பைப் பிடித்திருந்தன.

உடலை மெதுவாகக் கிடத்தினார்கள். வெளியே மகள் எவரிடமோ பேருந்து நேரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அந்த இன்னொருத்தி நீங்கதானா?” என்று பெனிட்டா கேட்டாள்.

இசக்கி அம்மையாரின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்து நாடாவால் கட்டினாள், முடிச்சைச் சரிபார்த்தாள்.

“போன வாரம் கூப்பிட்டு விட்டா அந்தப் பொண்ணு. சாவு உங்களுக்கு நெறைவு குடுக்குங்கா. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. சாவா குடுக்கு? எனக்கு அன்னைக்கே தெரியும்ட்டி, இது எதுன்னு.”

“எனக்குத் தெரியல. ரெண்டு நாளா நான் என்ன சென்மம்னு நெனச்சுச் செத்துக்கிட்டு இருக்கேன். சுடலைமுத்து அண்ணாச்சிகிட்டப் போகவே பயமா இருக்கு.”

“கோட்டிக்காரி. அம்புட்டு ஆளு இருக்கற கட்டடத்துல, இந்த அரை மணி நேரந்தாட்டி நான் ஒரு மனுசிகிட்டப் பேசுதேன். வீட்ல போனா அந்தக் கெழவி. இங்க வந்தா செவரு.”

பெனிட்டாவின் உள்ளத்தில் பட்டியலின் நாள்கள் ஒவ்வொன்றாகத் தத்தம் இடத்தில் அமர்ந்தன. நான்காம் மாடியின் முன்பின் அறியாத நால்வர். அங்கும் இசக்கி இருந்தாள். புறவழிச்சாலை வாலிபன்; அன்று இசக்கியை எவரும் அழைக்கவில்லை. கருவி பொய் சொல்லவில்லை; அது நேரத்தை மட்டும் குறித்தது. கட்டிலின் எதிர்ப்புறம் நின்றவளை அது எண்ணிப் பார்க்கவில்லை.

பாரம் இறங்கியதுபோல் இருந்தது. ஆனால் அது ஒரு கணந்தான். வித்யா சொன்ன மற்றொரு செய்தி நினைவுக்கு வந்தது.

“தெரிஞ்சுக்கிட்டேதான் அஞ்சாம் மாடிக்குக் கையெழுத்துப் போட்டியளா?”

இசக்கி வெள்ளைத் துணியை உதறி விரித்தாள். அதன் மறுமுனையைப் பெனிட்டா பிடித்துக்கொண்டாள்.

“அங்க தெனமும் ஒண்ணு போகும்லா,” என்று இசக்கி தாழ்ந்த குரலில் சொன்னாள். “இன்னொருத்தி இருக்கான்னு அந்தப் பொண்ணு சொன்னப்பவே நீதான்னு தெரிஞ்சுது. நீ மேக்க, நான் கெழக்க. தெனமும் பாத்துக்கலாம்னு நெனச்சேன்.”

சொன்னபின் அவள் தன் சொல்லைத் தானே கேட்டவள்போல நின்றாள். முகம் மாறிற்று. துணி இருவருக்கும் நடுவில் காற்றில் சிறிது நேரம் உப்பி நின்று, பின்னர் அம்மையாரின்மேல் படிந்தது.

பெனிட்டாவுக்குச் சினம் உண்டாகவில்லை. அந்த ஆசை தனக்குள்ளும் எழுந்ததை அவள் மறைக்க விரும்பவில்லை. தினமும் அரை மணி நேரம், கிடாய்க்குட்டிக் கதை, எதிர்ப்புறத்தில் ஒருத்தி. கையொப்பம் ஒன்று இட்டால் போதும். ஆனால் அங்கே கிடப்பவர்களின் மூச்சு இடைவெளிகளை அவள் எண்ணிப் பார்த்தாள். ஒரு மாதம் கழித்தோ ஓராண்டு கழித்தோ, இன்று இன்னும் ஒருவரும் போகவில்லையே என்று மணியைப் பார்க்கும் நாள் ஒன்று வரும். அன்று கைப்பட்டை சொன்னது மெய்யாகிவிடும்.

“நான் வரலக்கா,” என்றாள்.

இசக்கி தலையைக் குனிந்துகொண்டு கையுறைகளைக் கழற்றினாள். அவை சேர்ந்தாற்போல் தொட்டியில் விழுந்தன. “நீ வரலைன்னா நான் மட்டும் அங்க போயி என்ன செய்ய? நாளைக்கு அந்தத் தாள வாங்கிக் கிழிச்சிருதேன்,” என்றாள். வாயில்வரை போனவள் திரும்பி, கிடாய்க்குட்டியை வெட்டப்போவதில்லை என்று வீட்டில் முடிவாகிவிட்டது என்பதையும் சொன்னாள். பிறகு படிக்கட்டில் செருப்போசை ஏறிப் போயிற்று. அது நான்காம் மாடியில் நிற்கும்வரை பெனிட்டா கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த முறை அந்த ஓசையைக் கேட்க வேண்டுமானால் இந்த இரண்டு மாடிகளில் ஒருவர் இறக்க வேண்டும். இதை மனத்துக்குள் முழு வாக்கியமாகச் சொல்லிப் பார்த்தபோது, அது தன் குற்றமன்று, அமைப்பின் குற்றம் என்பது அவளுக்கு விளங்கிற்று. ஆயினும் அதைப் பொறுத்துக்கொண்டு வாளாவிருந்தால், அது தன் குற்றமாகவும் ஆகும்.

வெள்ளிக்கிழமை காலை வித்யாவிடம் சென்று, கையொப்பமிடாத தாளைத் திருப்பிக் கொடுத்தாள். காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னாள். வித்யா திரையில் பதினொரு இடங்களுக்கும் நேரே இரண்டு கைப்பட்டைகளின் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கியிருந்தன.

“இதுக்கு என்கிட்ட ஒரு கட்டம் இல்லையே, சிஸ்டர்,” என்றாள் அவள். “எந்த நோயாளி, எந்த வேலை, எந்த நேரம், இதுக்குத்தான் கட்டம் இருக்கு. யாரு கூடங்கிறதுக்கு இல்ல. நான் மேல எழுதுறேன். ஆனா மாத்துவாங்கன்னு சொல்ல முடியாது. அந்தப் பழைய விதி இன்னும் இருக்குன்னு தெரிஞ்சா, அதையும் எடுத்துருவாங்களோன்னு பயமா இருக்கு.”

பெனிட்டா நன்றி சொன்னாள். அந்தப் பெண்ணும் நாள் முழுவதும் அந்த அறையில் தனியேதான் இருக்கிறாள் என்பதை அப்போதுதான் கவனித்தாள். அவள் மணிக்கட்டிலும் ஒரு கைப்பட்டை இருந்தது.

மூன்றாம் மாடியில் சுடலைமுத்துவுக்குக் காய்ச்சல் தணிந்திருந்தது. கண் விழித்துக் கிடந்தார். கட்டில் முனகிக்கொண்டு அவரை இடப்பக்கம் சாய்த்தது. இரண்டு நாளாகச் சிஸ்டர் தம் பக்கம் வரவில்லை என்று அவர் முகம் தூக்கி வைத்திருந்தார்.

“சம்பந்திகிட்ட என்னைய ஒப்படைச்சிட்டுப் போயிட்டிய.”

பெனிட்டா திரையருகில் போய் ஏழாம் படுக்கையின் பராமரிப்புத் தாளைத் திறந்தாள். ‘ஆள் தேவை’ என்ற கட்டத்தில் சுழியம் இருந்தது. அதை அழித்துவிட்டு இரண்டு என்று எழுதினாள். உறுதிதானா என்று திரை கேட்டது. காரணம் எழுதுமாறு கேட்டது. நோயாளிக்கு இயந்திரத்தால் வலிக்கிறது என்று எழுதலாம். புண் வரக்கூடும் என்று எழுதலாம். இரண்டும் பொய். தக்க காரணமின்றி மும்முறை மாற்றினால் என்ன நேரும் என்பது அவளுக்குத் தெரியும். இது முதல்முறை. நாளை இரண்டாவது.

சற்று யோசித்து, ‘இருவர் தேவை. நோயாளிக்காக அன்று, செவிலியருக்காக’ என்று எழுதிக் கையொப்பமிட்டாள். முழுப்பெயரையும் எழுதினாள்.

பிறகு கட்டிலருகில் வந்து, சுடலைமுத்துவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை. கையை எடுக்காமல் சிறிது நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

“அண்ணாச்சி, நாளையிலருந்து காலையில ஒங்களப் பெரட்ட நாங்க ரெண்டு பேரு வருவோம்,” என்றாள்.